கேட்டால்தானே வலிக்கும்!

உலகத்து விஞ்ஞானிகள் எல்லோருக்கும் ராகலையிலிருந்து பணிவான வணக்கம்.

நீங்கள் நெடுங்காலமாக இரண்டு கேள்விகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அறிகிறோம். முதலாவது: உயிரோடு நடமாடும் மனிதரின் எலும்பு எவ்வளவு வளையும், எவ்வளவு தாங்கும் என்பதை ஆளைக் கொல்லாமல் அளப்பது எப்படி? இரண்டாவது: மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தியிருக்கும் நோயாளி உண்மையிலேயே மயங்கிக் கிடக்கிறாரா, இல்லை முழு விழிப்போடு கத்தியின் ஒவ்வொரு கீறலையும் எண்ணிக்கொண்டு கிடக்கிறாரா என்று கண்டுபிடிப்பது எப்படி?

இதற்காக நீங்கள் கருவிகள் செய்கிறீர்கள், மாநாடு கூட்டுகிறீர்கள், கோடிக்கணக்கில் செலவழிக்கிறீர்கள். பாவம். இரண்டு துறையிலும் எங்களுக்கு நூற்றாண்டு கடந்த அனுபவம் இருக்கிறது. சஞ்சிகையில் எழுதி வெளியிடவில்லை, அவ்வளவுதான் குறை. கிளம்பி வாருங்கள்.

வழி சுலபம். இலங்கையின் நுவரெலியாவுக்கு வந்து கந்தப்பளைப் பாதையில் ஏறினால் ராகலை. முன்பு இதைவிடச் சுலபமாக இருந்தது. 1904 முதல் நானுஓயாவிலிருந்து சின்ன ரயில் இங்கே வந்துகொண்டிருந்தது. தேயிலைப் பெட்டி இறங்குவதற்கு ரயில் தேவைப்பட்டது. லொறி வந்ததும் 1940களில் ரயிலை மூடிவிட்டார்கள். தேயிலைக்கு வேறு வழி கிடைத்துவிட்டது. பிரசவ வலியெடுத்த பெண்ணுக்கும் ஒரு ரயில் உதவியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் இன்றைக்கும் தோட்டத்து லொறியிலோ கடன் சொன்ன ஓட்டோவிலோ அதே வளைவுகளில் குலுங்கிக் குலுங்கித்தான் போகிறாள். இதையும் ஒரு பரிசோதனை என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எலும்புத் துறையைப் பார்ப்போம்.

உங்கள் ஆஸ்பத்திரிகளில் எலும்பை அளக்கப் படுக்கவைத்து எக்ஸ்ரே ஓட்டுகிறீர்கள். அது சொல்வது எலும்பில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பதை மட்டும். 1994இல் உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டது: இளம் வயது ஆரோக்கியப் பெண்ணின் சராசரியிலிருந்து 2.5 நியம விலகல் கீழே இறங்கினால் எலும்புத் தேய்வு. ஆனால் அடர்த்தி வேறு, வலிமை வேறு என்று உங்களுக்கே தெரியும். எலும்பு வெறும் சுண்ணாம்பு இல்லை. தாதுப்பு அதற்கு விறைப்பைக் கொடுக்கிறது. கொலாஜன் என்னும் புரத நார் முறியாமல் வளையும் குணத்தைக் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எஃகின் விறைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்த நார் கெட்டுப்போனால் எக்ஸ்ரே சரி என்று சொன்ன எலும்பும் மறுநாள் படியில் சறுக்கி முறியும்.

அதனால் நீங்கள் புதுப் புதுக் கருவிகள் செய்தீர்கள். முன்னங்கை எலும்பை மெல்ல அதிரவைத்து எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பது ஒன்று. குதிகாலுக்குள் ஒலியலையை அனுப்பி வேகம் பார்ப்பது இன்னொன்று. கலிபோர்னியாவில் சாண்டா பார்பராவிலுள்ள பௌதிகவியலாளர் போல் ஹன்ஸ்மாவின் குழு செய்தது மூன்றாவது: கணைக்கால் எலும்பின் மேலே தோலை மரத்துப்போக வைத்து, மெல்லிய ஊசிமுனையை எலும்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால், முனை எத்தனை மைக்ரோமீட்டர் உள்ளே போனது என்று கருவி சொல்லும். அதை ஒரு பிளாஸ்டிக் கட்டியோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள். இதன் முந்திய வடிவத்தை 2010இல் பார்சலோனாவில் உயிருள்ள நோயாளிகளிடமே செய்து காட்டினார்கள்.

மரத்துப்போக வைத்தா? அங்கேதான் நீங்கள் பணத்தை வீணாக்குகிறீர்கள், ஐயா.

ராகலை முறையில் மரப்பு ஊசி கிடையாது. கருவி ஒரு தராசு. மலையில் மூன்று கம்பைக் கூட்டிக் கட்டித் தொங்கவிட்டால் போதும். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்த பெண், படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டி, சரிவில் ஏறுவாள். அவள் 18 கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். 18 எடுத்தும் முறியவில்லை என்றால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு. 20 ஆக்கிப் பார். அதற்கும் முறியவில்லையா? 22. இதற்குப் பெயர் ஆய்வு. எடுக்க முடியாமல் போனவளுக்கு அரைப்பேர். அதாவது அவள் நாள் முழுக்க மழையில் நின்றாலும் சட்டப்படி அரை நாள்தான் உயிரோடு இருந்தாள். உங்கள் பௌதிகம் இன்னும் இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

2021 மார்ச்சில் நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது இந்த ஆய்வு புதிய உச்சத்தைத் தொட்டது. கூலி ஏறிய கையோடு பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது. ரூபாயை இந்தப் பக்கம் வைத்தால் கிலோவை அந்தப் பக்கம் வைப்பார்கள். முள் மட்டும் அசையாது. நிறுவையில் நிற்கும்போது ஈரத்துக்குக் கழிவு, பைக்குக் கழிவு, முற்றிய இலைக்குக் கழிவு. கணக்கப்பிள்ளை வாயால் சொன்னதும் இரண்டு கிலோ ஆவியாகிவிடும். அவள் முதுகில் ஏறி வந்த இரண்டு கிலோ அது. முதுகு அதைச் சுமந்தது, புத்தகம் சுமக்கவில்லை. முதுகெலும்புக்குக் கழிவு போடும் வழக்கம் மட்டும் எந்தத் தோட்டத்திலும் இல்லை.

ஒரு சிக்கலை ஒளிக்காமல் சொல்லவேண்டும். மீள்தன்மை என்றால் என்ன என்று ரொபர்ட் ஹூக் 1678இலேயே எழுதிவைத்தார். பாரம் ஏற்றினால் வளையவேண்டும். பாரத்தை இறக்கினால் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். திரும்பினால்தான் மீள்தன்மை. எங்கள் ஆய்வில் முதல் பாதியை நூற்றைம்பது வருடமாகச் செய்துவருகிறோம். இரண்டாவது பாதியைச் செய்ததே இல்லை. பாரத்தை இறக்கிப் பார்த்தால்தானே திரும்புகிறதா என்று தெரியும்? ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டு நிற்கும் பெரியம்மாவைப் பாருங்கள். தலையில் கயிறு இல்லை, முதுகில் கூடை இல்லை. அவர் இன்னும் குனிந்துதான் நடக்கிறார். ஹூக்கின் நூலில் இதற்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். தோட்டத்துப் புத்தகத்தில் இதற்குப் பெயர் 'ஓய்வு'.

எலும்பை வளருமுன்பே அளக்கும் முறையும் எங்களிடம் உண்டு. 2016இல் அரசாங்கம் எடுத்த குடிசன சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம்; தோட்டத்தில் 31.7 வீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. ஒரு பிள்ளையின் தொடை எலும்பு எவ்வளவு நீளவேண்டும் என்பதைத் தாயின் சம்பளச் சீட்டு தீர்மானிக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்கு இதுவரை நோபல் பரிசு தராதது ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

இனி இரண்டாவது துறை. மயக்கம்.

1846 ஒக்டோபர் 16இல் பொஸ்டனில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் கொடுத்து, கில்பர்ட் அபட் என்ற இளைஞனின் கழுத்துக் கட்டியில் மருத்துவர் ஜோன் வாரன் கத்தி வைத்தார். வலியின் வரலாறு அன்றோடு முடிந்தது என்று கொண்டாடுகிறார்கள். அந்த அபட் எழுந்து என்ன சொன்னான் தெரியுமா? வலிக்கவில்லை, ஆனால் வெட்டுவது தெரிந்தது என்றான். ஆக, உலகறிய மயக்கப்பட்ட முதல் ஆளே முழுதாக மயங்கவில்லை. அவனிடம் கேட்டதால் தெரிந்தது.

அடுத்த நூறு வருடத்தில் வந்த மருந்துதான் எங்களுக்கு நெருக்கமானது. தென்னமெரிக்கக் காட்டு வேடர்கள் அம்பில் தடவிய கியூராரே. 1942இல் மொன்ட்ரியலில் ஹரோல்ட் கிரிஃபித் அதை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். தசை எல்லாம் தளர்ந்துவிடும். கை அசையாது, கண்ணிமை திறக்காது, மூச்சுக்கூட இயந்திரம் விட்டால்தான். சத்திர சிகிச்சை செய்பவருக்கு இதைவிட வசதி வேறு கிடையாது. ஆனால் கியூராரே தூங்கவைக்காது. வலியைத் தணிக்காது. ஆளை ஆடாமல் அசையாமல் கிடத்தும், அவ்வளவுதான். தூங்கவைக்க ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து, தசைக்கு ஒரு மருந்து என்று மூன்றையும் அளந்து கொடுப்பதுதான் இன்றைய மயக்கவியல். முதல் இரண்டும் குறைந்து மூன்றாவது மட்டும் நிறைந்துவிட்டால்? நோயாளி எல்லாம் கேட்பார், எல்லாம் உணர்வார், ஒரு விரலைக்கூட அசைக்க மாட்டார். மேலே நிற்பவர்களுக்கு அவர் நிம்மதியாகத் தூங்குவதுபோலத் தெரியும்.

கியூராரேயே மயக்க மருந்துதான் என்று நம்பிய வைத்தியர்கள் அந்த நாளில் இருந்தார்கள். பிள்ளைகள் எழுந்து, வலித்தது என்று அழுதபோது அது பிரமை என்றார்கள். 1947இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவில் ஸ்கொட் ஸ்மித் என்ற மயக்கவியல் வைத்தியர் தன்மீதே அந்த மருந்தை முழுதாக ஏற்றிக்கொண்டு படுத்தார். எழுந்து, எனக்கு எல்லாம் தெரிந்தது என்றார். அப்புறம்தான் நம்பினார்கள். நோயாளி சொன்னால் பிரமை, வைத்தியர் சொன்னால் விஞ்ஞானம். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980கள் வரைகூடப் பல நாடுகளில் பிறந்த சிசுக்களுக்குத் தசைத்தளர்த்தியோடு அரைகுறை மயக்கத்தில் நெஞ்சைத் திறந்தார்கள். கன்வல்ஜீத் ஆனந்த் என்ற வைத்தியர் ஒக்ஸ்போர்டில் இரத்தத்தைச் சோதித்துக் காட்டிய பிறகு, 1987இல்தான் மருத்துவ உலகம் வெட்கப்பட்டது.

சொல்லத் தெரியாதவருக்கு வலிக்காது. சொல்லத் தெரிந்தவர் சொன்னாலும், சொல்கிறவர் யார் என்று பார்த்துத்தான் வலிக்கும். இந்த விதியை நீங்கள் கைவிட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

2014இல் பிரித்தானியாவும் அயர்லாந்தும் சேர்ந்து பெரிய கணக்கெடுப்பு ஒன்றை வெளியிட்டன. அறுவையின்போது விழித்திருந்தேன் என்று நோயாளிகள் தாமாக வந்து முறையிட்டது 19,600 மயக்கத்துக்கு ஒன்று. தசைத்தளர்த்தி கொடுத்தவர்களிடையே 8,200க்கு ஒன்று. கொடுக்காதவர்களிடையே 1,35,900க்கு ஒன்று. முழு மயக்கத்தில் செய்த சிசேரியனில் 670க்கு ஒன்று; அங்கே அவசரம், குழந்தைக்கு ஏறிவிடக்கூடாது என்று மருந்தும் இளகலாக. சிலர் அந்த அனுபவத்தை முதன்முதலாக வாய்திறந்து சொன்னது அறுவை நடந்து 62 வருடம் வரை கழித்து.

ஆனால் இதற்கு முந்திய ஆய்வுகளில், நோயாளி எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து முறைப்படி கேள்வி கேட்டார்கள். அப்போது கிடைத்த எண் ஆயிரத்துக்கு ஒருவர், இருவர். இரண்டு எண்ணுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! கேட்டால் ஆயிரத்தில் ஒன்று. கேட்காவிட்டால் பத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. அப்படியென்றால் வலியைக் குறைக்க உலகத்திலேயே மலிவான வழி எது? கேட்காமல் இருப்பது!

இந்த வைத்தியத்தில் எங்கள் நாட்டை மிஞ்ச ஆள் கிடையாது.

தோட்டத்துப் பெண் ஒருத்தியை அறுவைக்குக் கொண்டுபோகிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் அழகாக எழுதியிருக்கும் ஆஸ்பத்திரி. சம்மதப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். அவளுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் அது இல்லை. கையெழுத்துப் போடு என்பதை மட்டும் சாடையில் சொல்கிறார்கள். போடுகிறாள். எழுந்த பிறகு கட்டிலோரம் வரும் தாதி, ஒரு வார்டுக்கு ஒருத்தியாய் ஓடித் திரிகிறவள், அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழில் கேட்கிறாள்:

"அம்மே, வலி இல்லதானே?"

கேள்விக்குள்ளேயே விடை. இவள் என்ன சொல்வாள்? "இல்லீங்க மிஸ்ஸி" என்கிறாள். இல்லை என்று எழுதப்படுகிறது. அந்த எழுத்து மேலே போகிறது, மாகாணத்துக்குப் போகிறது, கொழும்புக்குப் போகிறது, அமைச்சரின் மேசையில் 'முறைப்பாடுகள்: பூச்சியம்' என்று உட்காருகிறது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி. அந்தத் திருத்தம் வார்டுக்குள் நுழைவதற்குப் பார்வையாளர் நேரம் இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறது.

மருந்து இருந்தால்தானே மயக்கம் என்று கேட்பீர்கள். நியாயம். 2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை, திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை மருந்தில்லாமல் நிறுத்தியது. முக்கியமாகத் தீர்ந்துபோனது நியோஸ்டிக்மின். தசையை முடக்கிய மருந்தை, அறுவை முடிந்ததும் முறித்து ஆளை மீண்டும் மூச்சுவிட வைக்கும் மருந்து அது. செய்தியைப் படித்து மனம் கலங்கியதாக இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் எழுதினார். இங்கே அமைச்சர்கள் கலங்கியதாகத் தகவல் இல்லை. கலங்க என்ன இருக்கிறது? முடக்கும் மருந்துக்கு இந்த நாட்டில் ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. முடக்கத்தை எடுக்கும் மருந்துதான் எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை.

அடுத்த வருடம் மருந்து வந்தது. 2023இல் பேராதனையில் முதுகில் போடும் மயக்க ஊசிக்குப் பிறகு நேர்ந்த மரணங்களால் ஒரு பியூபிவகெயின் தொகுதியைப் பாவனையிலிருந்து நிறுத்தினார்கள். அதே வருடம் ஏப்ரலில், எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியான நுவரெலியாவில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்தியாவில் தயாரித்த பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தை விட்டார்கள். வெளிச்சம் தேடிப் போனவர்களில் சிலர் இருந்த வெளிச்சத்தையும் தொலைத்துவிட்டு வந்தார்கள். செப்டெம்பர் 8இல் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. நம்பிக்கை இல்லை என்றவர்கள் 73 பேர். நிறைய நம்பிக்கை இருக்கிறது என்றவர்கள் 113 பேர். ஐந்து மாதம்கூட ஆகவில்லை; 2024 பெப்ரவரி 2இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி வாங்கிய விவகாரத்தில் அவரைக் கைது செய்தார்கள். அந்த 113 பேருக்கு என்ன மருந்து கொடுத்திருந்தார்கள், எவ்வளவு அளவில் கொடுத்திருந்தார்கள் என்று உங்களில் யாராவது ஆராயவேண்டும். அவ்வளவு ஆழமான மயக்கம் மருத்துவ வரலாற்றில் இல்லை.

மயக்கத்தின் ஆழத்தை அளக்க நெற்றியில் ஒரு பட்டை ஒட்டுகிறீர்கள். மூளையின் மின்னலைகளைப் படித்து 0 முதல் 100 வரை ஓர் எண் காட்டும். 40க்கும் 60க்கும் இடையில் நின்றால் வெட்டலாம். 2004இல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 2,463 பேரில், பட்டை ஒட்டியவர்களில் 2 பேரும் ஒட்டாதவர்களில் 11 பேரும் விழித்திருந்தார்கள். நல்ல கருவிதான். ஆனால் எங்கள் நெற்றியில் இடமில்லை. அங்கே ஏற்கெனவே தோட்டத்துச் செக்ரோல் நம்பர் ஒட்டியிருக்கிறது. அந்த எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், கூடுதலாக இருந்தாலும் வெட்டலாம்.

இன்னொரு முறைதான் எங்களை உலுக்கியது. 1977இல் டன்ஸ்டல் என்ற வைத்தியர் கண்டுபிடித்தது. உடம்பை முடக்கும் மருந்தை ஏற்றுமுன் ஒரு கையை மட்டும் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். மருந்து அந்தக் கைக்குப் போகாது. உடம்பு முழுக்க முடங்கியிருக்கும்போது நோயாளியின் காதில், "கேட்கிறதா? கேட்டால் என் கையை அழுத்து" என்பார்கள். 2017இல் வெளியான, 260 பேரிடம் செய்த ஆய்வில் 4.6 வீதமானோர் அழுத்தினார்கள். தூங்குகிறார்கள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில்!

எங்களுக்கும் அப்படி ஓர் உறுப்பை முடக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். கையளவு இல்லை, ஒரு விரல். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதில் மை தடவுவார்கள். அப்போது மட்டும் மேடை போட்டுக் காதருகே வந்து, "கேட்கிறதா, சொந்தங்களே?" என்பார்கள். நாங்கள் விரலை அழுத்துவோம். டன்ஸ்டலாக இருந்தால், ஐயோ ஆள் விழித்திருக்கிறாரே, அறுவையை நிறுத்து, மருந்தைக் கூட்டு என்று பதறியிருப்பார். எங்கள் தலைவர்கள் பதறுவதில்லை. அழுத்திய விரலைப் பிடித்துக் குலுக்கி, பாசம் என்று படம் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். தொழிற்சங்கத்தின் மாதச் சந்தா மட்டும் எந்த மயக்கத்துக்கும் ஆளாகாமல் சம்பளத்திலேயே தவறாமல் வெட்டுப்படும்.

அவர்கள் வாங்கித்தந்த சம்பளத்தின் நோயாளிக் குறிப்பை வாசித்துக் காட்டுகிறேன். 2020 ஜனவரியில், மார்ச் முதல் நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. அது 2021 மார்ச்சில்தான் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 என்று அன்றைய ஜனாதிபதி முழங்கினார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. செப்டெம்பரில் 1,350 என்று புது வர்த்தமானி. 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்றார்கள்: கம்பனி தருவது 1,550; வருகைக்காக அரசாங்கம் தருவது 200. கம்பனியின் தேயிலைக்கு அரசாங்கம் வருகைப்பணம் கட்டுகிறது. கையசைத்தவுடன் அறுவையை நிறுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதைக் கம்பனிகள் நிரூபித்துவிட்டன. அசையும் கை அவர்களுடையதாக இருக்கவேண்டும், அதுதான் நிபந்தனை.

விஞ்ஞானிகளே, உங்களை அழைத்ததற்கு உண்மையான காரணத்தை இப்போது சொல்கிறேன். வேடிக்கை போதும்.

அறுவை முடிந்தவரிடம் கேட்பதற்கு உங்களிடம் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. பிரைஸ் என்ற வைத்தியர் 1970இல் தொகுத்தவை. ஐந்தையும் கேட்க ஐந்து நிமிடம் போதும். மருந்து வேண்டாம், இயந்திரம் வேண்டாம், இந்தியக் கடன் வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். நோயாளியின் மொழி தெரிந்த ஒரு வாய் போதும். அந்த ஒரு வாயை எங்கள் வார்டுகளில் வைக்க இந்த நாட்டால் முடியவில்லை. வைத்தியர்கள் நூற்றுக்கணக்கில் நாட்டைவிட்டுப் போனார்கள், மயக்கவியல் நிபுணர்களும் போனார்கள், பணமில்லை, எல்லாம் சரி. தமிழ் படித்த எத்தனையோ பிள்ளைகள் ராகலையிலிருந்தும் வலப்பனையிலிருந்தும் சான்றிதழோடு போய்க் கொழும்புக் கடைகளில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கட்டிலோரம் உட்காரவைக்க எத்தனை கோடி வேண்டும்? வேண்டியது பணமில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான் இடைஞ்சல்.

நீங்கள் கேட்கவேண்டாம். எங்கள் மக்களிடம் அந்த ஐந்து கேள்விகளை நானே கேட்டு, பதிலையும் எழுதித் தருகிறேன். கோப்பில் வையுங்கள்.

தூங்குமுன் கடைசியாக என்ன ஞாபகம்? 1947 தேர்தல். நாங்கள் போட்ட வாக்கில் எங்கள் ஆட்கள் நாடாளுமன்றம் போனது. நுவரெலியாவிலிருந்து எங்கள் சங்கத் தலைவர் தொண்டமான் போனது. அடுத்த வருடம் எங்களை நாடற்றவராக்கிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் என்று ஓர் ஊசி போட்டார்கள். உடம்பு அதோடு அசையவில்லை.

எழுந்ததும் முதலில் என்ன ஞாபகம்? 2003. இன்னொரு சட்டம் வந்து, எஞ்சியிருந்தவர்களையும் இந்த நாட்டவர் என்றது. 55 வருட அறுவை. உங்கள் கோப்பில் இதைவிட நீண்டது இருந்தால் காட்டுங்கள்.

இடையில் ஏதாவது? எல்லாம். 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் டில்லியில் உட்கார்ந்து 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தது கேட்டது. 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதி என்று வெட்டியதும் கேட்டது. அந்த வருடங்களில் லயத்தில் பட்டினியால் செத்தவர்களைப் பெட்டியில்லாமல் தூக்கிப்போனது தெரிந்தது. 77இல், 81இல், 83இல் கலவரங்களில் கூரை எரிந்த வாடை தெரிந்தது. தலைமன்னாரில் கப்பலேற்றும்போது அண்ணனை ஒரு பக்கமும் தம்பியை ஒரு பக்கமும் பிரித்தது வலித்தது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கனவு கண்டீர்களா? கண்டோம். பெயரில் எழுதிய ஏழு பேர்ச் காணி. இன்னமும் கண்டுகொண்டிருக்கிறோம்.

ஐந்தாவது கேள்வி: இதிலெல்லாம் மிகவும் கசப்பானது எது?

கத்தியைத் தாங்கிவிட்டோம். பாரத்தையும் தாங்கிவிட்டோம், அதற்கான எலும்பு இருக்கிறது, நீங்களே வந்து தட்டிப் பாருங்கள். தாங்க முடியாதது, நாங்கள் மயங்கிக் கிடக்கிறோம் என்று நினைத்து எங்கள் தலைமாட்டில் நின்று அவர்கள் பேசிக்கொண்ட பேச்சு. இதுகளுக்கு ஆயிரம் ரூபாய் எதற்கு, குடித்தே அழிப்பான்கள் என்றது. வாக்குக்கு ஒரு கூரைத் தகடு கொடுத்தால் போதும் என்றது. இந்தச் சனத்துக்கு வலிக்காது, பழகிவிட்டது என்றது. கோட் போட்டவர் சொன்னார், வேட்டி கட்டியவர் தலையாட்டினார், வெள்ளை அங்கி போட்டவர் எழுதிக்கொண்டார்.

யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு சொல் விடாமல் எங்களுக்குத் தெரியும். முழு நேரமும் விழித்துக்கொண்டுதான் கிடந்தோம்.